இடது பின்சில்லு

"மிதியுங்கோ" என்றாள் சாம்பவி, மேலே, அவள் நெற்றிக்கு ஒரு சாண் உயரத்தில், காரின் வயிறு ஒருமுறை முனகியது, "பிடியுங்கோ, நான் சொல்லுமட்டும் எடுக்கப்படாது" என்றாள், அப்பா பிடித்தார், அவள் ஸ்பானரைக் கால்சுற்றுத் திருப்ப இடது பின்சில்லின் முதுகுப்பக்கம் முளைத்திருந்த அந்தச் சின்ன நிப்பிள் வாயைத் திறந்தது, மெல்லிய கண்ணாடிபோன்ற ரியூபுக்குள்ளால் பிறேக் ஒயில் இரண்டு குமிழியைத் தள்ளிக்கொண்டு வந்து பேணிக்குள் விழுந்தது, திருப்பி இறுக்கினாள், "விடுங்கோ" என்றாள். இதில் ஒரு வித்தையும் இல்லை. பிறேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கவேண்டும், அதற்கு மேலே ஒரு கால் வேண்டும், கீழே ஒரு கை வேண்டும், இறுக்குவதற்குமுன் அந்தக் கால் எழும்பிவிட்டால் போன காற்று வந்த வழியே திரும்ப உள்ளே போய்விடும், அவ்வளவுதான். மிதியுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ. பதினெட்டாவது முறையோ பத்தொன்பதாவதோ. அறுபத்தைந்து வருசத்து மொறிஸ் மைனர், அப்பாவைவிட இரண்டு வயது மூத்தது, அதன் பின்பக்கத்தை ஜக்கால் தூக்கி இரண்டு பனங்குத்திகளில் இருத்தி, சாக்கை விரித்து அவள் மல்லாந்து கிடக்கிறாள், துரு கண்ணிமையில் உதிர்கிறது, சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி, மேலே அப்பாவின் கால் இருக்கிறது. கால் இருக்கிறது. ஒவ்வொரு முனகலுக்கும் அதையே நினைத்துக்கொண்டாள். ஏனெனில் காலமை ஒன்பதரைக்கு, கோண்டாவில் ரயில் கடவைக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம், இதே கால் இதே பெடலை மிதித்தபோது பெடல் குழைந்த சோறு மாதிரி அடிமட்டும் போய்விட்டது, முன்னால் கடவை பூட்டியிருந்தது, கடவைக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது, பஸ்ஸின் பின்கதவில் ஆட்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள், அப்பா கைப்பிறேக்கை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் வெட்டி யாரோ ஒருவரின் கிளுவை வேலிக்குள் காரைக் கொண்டுபோய்ச் செருகினார், மூன்று கதியால் தடி முறிந்தது, ஒரு கோழி பறந்தது, பக்கத்தில் சித்தி வீட்டுக்கென்று முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்திருந்த அம்மாவின் ஒரு செருப்பு காணாமல் போய்ப் பிறகு கிடைத்தது. வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து பேசு பேசென்று பேசிவிட்டு, அம்மா ஒற்றைச் செருப்போடு நிற்பதைக் கண்டு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாளாம், பிறகு காரைக் கயிற்றில் கட்டி மெதுமெதுவாக இழுத்து வீடு கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான், அவ்வளவுதான், என்று காலமையிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று சின்னப்பிள்ளையைத் தட்டி நித்திரையாக்குவதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தது, நித்திரை வரத்தான் மாட்டேனென்றது.

ஏனென்றால் தலைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், அந்த ஜாம் போத்தல் இருந்தது. புது ஒயில் விடுமுன் பிறேக் தாங்கிக்குள் மிச்சமாய்க் கிடந்த பழைய ஒயிலைச் சிறிஞ்சால் உறிஞ்சி அவள்தான் அதற்குள் விட்டிருந்தாள், இரண்டு விரல் உயரம், தேன் நிறம். அதைப் பார்க்கக்கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் பார்த்தாள். மத்தியானம் சில்லைக் கழற்றி, பிறேக்கை மூடியிருந்த இரும்புப் பறையைக் கழற்றி உள்ளே பார்த்தபோது கோளாறு எங்கே என்று தேடவே தேவைப்படவில்லை, இடது பின்சில்லின் சிலிண்டருக்குள் இருந்த றப்பர், ஐந்து ரூபா நாணயக் குற்றி அளவில் ஒரு சின்னக் கிண்ணம், ஊதிப்போய் உப்பிப்போய் விளிம்பு மடங்கிக் கிடந்தது, ஒயில் முழுக்க அதைத் தாண்டி ஒழுகிவிட்டிருந்தது. அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ரவுணுக்குப் போனாள். உதிரிப்பாகக் கடைக்காரர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களோ என்று பார்த்தார், "அண்ணாவை அனுப்பியிருக்கலாமே தங்கச்சி, எந்த றப்பர் எண்டு சொல்லத் தெரியுமோ?" என்றார், அவள், அண்ணா ரொறொன்ரோவில் இருக்கிறார், நீங்கள் பத்து நிமிசம் பொறுத்தால் வந்துவிடுவார் என்று சொல்லிக் கடதாசியைப் பிரித்தாள். ஒரு நாள் முழுக்க நினைத்துச் சந்தோசப்படக்கூடிய பதில். ஆனால் சந்தோசப்பட விடவில்லை அந்த மனுசன், றப்பரை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன எண்ணெய் குடுத்தனியள்? பால் குடிச்ச குட்டி மாதிரி வயிறு வீங்கிக் கிடக்கு" என்றார். "பிறேக் ஒயில்தான்." "பிறேக் ஒயிலுக்கு உப்பிடி வீங்காதே. வேறை எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் உப்பிடித்தான்." ஒரு சொட்டு. ஒரு சொட்டு. காரின் பராமரிப்புக் கைநூலிலும் அதுவேதான் இருந்தது, அவள் அடிக்கோடிட்ட பக்கம், தாவர எண்ணெயோ இயந்திர எண்ணெயோ துளியளவும் கலக்கலாகாது. ஆக, எண்ணெய். எண்ணெய் என்றதும் போத்தல், போத்தல் என்றதும் கிணற்றுக்கட்டு, கிணற்றுக்கட்டு என்றதும் அந்த இரண்டு வரிசை.

அம்மா செக்கிலிருந்துதான் நல்லெண்ணெய் வாங்குவார், போத்தல் வீட்டிலிருந்துதான் கொண்டுபோகவேண்டும். கழுவிய போத்தல்கள் கிணற்றுக்கட்டில் வாய் கவிழ்த்து நிற்கும், கழுவாதவை அதற்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும், இது அந்த வீட்டின் சட்டம், கவிழ்ந்தது சுத்தம், நிமிர்ந்தது அழுக்கு, மூன்று வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பத்து நாளைக்கு முன் பிறேக் ஒயில் வாங்கிய தகரத்தின் அடி ஒழுகத் தொடங்கியது, கையெல்லாம் பிசுபிசுத்தது, பெயின்ரில் பட்டால் பெயின்ரைத் தின்னும், ஓடிப்போய்க் கிணற்றடியில் ஒரு போத்தலை எடுத்து அதற்குள் ஊற்றிவிட்டு அந்தப் போத்தலிலிருந்து காரின் தாங்கிக்கு விட்டாள். எந்தப் போத்தல். எந்த வரிசை. அந்தக் கையை அவளால் திரும்பக் காணமுடியவில்லை. கையை நீட்டினது தெரிகிறது, கழுத்தைப் பிடித்தது தெரிகிறது, கண்ணாடியின் குளிர் தெரிகிறது. பிறகு மணிக்கட்டு திரும்பியதா? கவிழ்ந்த போத்தல் என்றால் நிமிர்த்தியிருக்கவேண்டும், நிமிர்த்த மணிக்கட்டுத் திரும்பவேண்டும், மணிக்கட்டுத் திரும்பினால் ஞாபகம் இருக்கவேண்டாமா? மல்லாந்து கிடந்தபடியே வலது கையைக் காற்றில் நீட்டிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. திருப்பாமலும் பார்த்தாள். அதுவும் உண்மைபோலத்தான் இருந்தது. மூக்காவது சொல்லியிருக்கும், நல்லெண்ணெய் மணம் பக்கத்து வீட்டுக்கே தெரியும், ஆனால் அன்றைக்குத் தடிமன், இன்றைக்கும் அதே தடிமன், பத்து நாளாய் ரோசாப்பூவுக்கும் மீன் செதிலுக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு. அந்தப் போத்தலைக் கேட்கலாமென்றால், வெறுமையாக்கிக் கிணற்றடியில் வைத்ததை அம்மா கழுவிக் கவிழ்த்துவிட்டார், இப்போது அது தன் குற்றத்தையோ குற்றமின்மையையோ கழுவிக்கொண்டு மற்றவற்றோடு வரிசையில் நிற்கிறது. "என்ன பிள்ளை, மிதிக்கட்டோ?" என்றார் அப்பா மேலிருந்து. "மிதியுங்கோ. பிடியுங்கோ." ஒரு குமிழி. "விடுங்கோ."

அவர் வாதாடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இந்த மனுசன், முப்பத்தைந்து வருசம் நில அளவையாளராக இருந்து ஊர் உலகத்து எல்லைச் சண்டை எல்லாவற்றிலும் நடுவில் நின்றவர், சும்மா மிதி என்றால் ஏன் மிதிக்கவேண்டும், இரண்டு தரம் மிதித்தால் கெதியாக முடியாதோ, உன்ர நூலில் எழுதினவன் யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவனோ என்று கேட்காமல் ஒரு வேலைக்கும் உடம்பைத் தந்ததில்லை. சித்திரையில் காருக்குப் பிளக் மாற்றியபோது ஒரு பிளக்குக்கு ஒரு மணித்தியாலம் வாதம் நடந்தது. இன்றைக்கு மிதி என்றால் மிதிக்கிறார், பிடி என்றால் பிடிக்கிறார், பள்ளிக்கூடத்தில் பிழை செய்து வாங்கிலில் ஏறி நிற்கிற பிள்ளைபோல. ஏன்? தெரிந்துவிட்டது, அதனால்தான். றப்பர் வீங்கினதைப் பார்த்தவர், நில அளவையாளர், கண்ணால் மட்டம் பார்க்கிறவர், அவருக்கா தெரியாது. என்னைக் காயப்படுத்தக்கூடாது என்று பேசாமல் இருக்கிறார். அந்த இரக்கத்தை நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. என்ன உரிமையில் இரக்கப்படுகிறார், பிழையென்றால் பிழையென்று சொல்லவேண்டும், ஒரு ஆம்பிளைப் பிள்ளை செய்திருந்தால் காது கிழியப் பேசியிருப்பார், பெட்டை என்றபடியால்தானே இந்தப் பூப்போன்ற மௌனம். ஆக, அவருக்கு எதிராக ஒரு வாதம் கட்டி முடித்தாகிவிட்டது, அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, எதற்கும் அவர் பொறுப்பில்லை, என்றாலும் வாதம் கச்சிதமாக நின்றது. தன்னை நினைக்க அவளுக்கே சிரிப்பாகவும் இருந்தது. காருக்கு அந்தப்பக்கம் அம்மாவின் கால்கள் வந்து நின்றன, கீழே கிடப்பவளுக்கு உலகம் முழங்காலுக்குக் கீழேதான், இடது செருப்பில் இன்னும் கிளுவை இலை ஒட்டியிருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்? தேத்தண்ணி ஆறுது." "வாறம் அம்மா, இது முடியட்டும்." "முடியும் முடியும். உங்கட கார் திருந்துறதுக்குள்ள எனக்குச் செத்தவீடும் அந்திரட்டியும் முடிஞ்சிடும்." "அம்மா!" "என்ன அம்மா? காலமை பஸ்ஸுக்குப் பின்னால போகேக்கை இந்த மனுசன் என்ன சொன்னவர் தெரியுமே? 'பவளம், கொஞ்சம் கெட்டியாப் பிடி.' அவ்வளவுதான். கலியாணம் கட்டின நாளில இருந்து ஒருநாளும் கெட்டியாப் பிடி எண்டு சொல்லாத மனுசன்." மேலே அப்பா செருமினார். செருப்புகள் சிரித்துக்கொண்டு குசினிப் பக்கம் போயின. அம்மா நடக்கிறார். அம்மா நக்கலடிக்கிறார். அம்மாவின் இரண்டு கால்களும் நடக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, எவ்வளவு அழகாக.

சித்திரைச் சண்டையை நினைக்காமலிருக்க முடியவில்லை. குகன் அண்ணா வீடியோவில், பின்னால் இன்னும் கரையாத பனி, மூக்குச் சிவந்து, "அப்பா, உங்களுக்கு வயசு போகுது, இவளுக்குப் படிப்பிருக்கு, காரைக் கராச்சுக்காரரிட்டைக் குடுங்கோ, பெட்டை ஸ்பானரைப் பிடிச்சுக்கொண்டு றோட்டில நிண்டா ஆக்கள் என்ன சொல்லுவினம்?" "என்ன சொல்லுவினம்?" என்று அவள் கேட்டாள், "சொல்லுங்கோ, ஆக்கள் என்ன சொல்லுவினம், ஒரு பட்டியல் தாங்கோ, ஒவ்வொண்டுக்கும் பதில் தாறன்." "உன்னோட கதைக்கேலாது சாம்பி." "கதைக்கேலாது எண்டால் தோத்துப்போட்டன் எண்டு அர்த்தம்." பல்கலைக்கழகத்தில் சட்டம், மூன்றாம் வருடம், விவாத அணியில் இரண்டாம் பேச்சாளர், எதிர்த்தரப்பின் கடைசிச் செங்கல்லையும் உருவிவிட்டு இருக்கையில் போய் அமர்கிற ஆள். அன்றைக்கு அந்தச் சூட்டில்தான் சொன்னாள், யாரும் கேட்காமலே, "என்ர கையால ஒரு பிழை வந்தால், ஒரேயொரு பிழை, அண்டைக்கே சாவியை அப்பாட்டைக் குடுத்திட்டு இந்தக் காரைப் பேந்து தொடமாட்டன். சரிதானே?" அண்ணா, "எழுதித் தா" என்றார். அவள் அதைப் போனில் தட்டி அனுப்பியும் விட்டாள். எந்த ஆணாவது எந்தக் கராச்சிலாவது அப்படி ஒரு பத்திரம் எழுதியிருப்பானா, ஊரில் பிழைவிடாத மெக்கானிக் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம், அவனுக்கு ஆயிரம் பிழை விடலாம், எனக்கு ஒன்று, அதையும் நானே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன், விசர். ஆனால் எழுதியது எழுதியதுதான். றப்பர் வீங்கியது அவள் கையால் என்றால் இந்தச் சாக்கு, இந்தத் துரு, பின்னேரத்தில் இந்த அடிவயிற்றின் எண்ணெய்க் கறுப்பு, இயந்திரம் முதல் தட்டிலேயே எழும்பும்போது உள்ளங்காலில் வருகிற அந்த நடுக்கம், எல்லாம் இன்றோடு சரி. அதுவாவது பரவாயில்லை. அவள் கையால் என்றால், பஸ்ஸின் பின்கதவில் தொங்கியவர்கள். நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் இருந்தாராம், அப்பா சொன்னார், அவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனாராம், அந்த மனுசன் போன் பார்த்துக்கொண்டு நின்றாராம், ஒன்றும் தெரியாதாம். இப்போது வீட்டில் இருந்து சோறு தின்றுகொண்டிருப்பார். தின்னட்டும். நல்லாத் தின்னட்டும். "மிதியுங்கோ." "மிதிச்சிட்டன்." "பிடியுங்கோ." குமிழி இல்லை, சுத்தமான ஒயில் மட்டும் ஒரு முழ நூல்போல வந்தது. "விடுங்கோ. இன்னொருக்கா."

தெரிந்துகொள்ள ஒரு பேணித் தண்ணீர் போதும். அதுவும் அவளுக்குத் தெரியும், மத்தியானத்திலிருந்தே தெரியும். பிறேக் ஒயில் தண்ணீரோடு சீனிபோலக் கரைந்துவிடும், நல்லெண்ணெய் கரையாது, ஒரு சொட்டு இருந்தாலும் மேலே வந்து கண்ணைத் திறந்துகொண்டு மிதக்கும், ரசத்தின் மேல் மிதப்பதுபோல. ஜாம் போத்தலுக்குள் தண்ணீரை விட்டுக் குலுக்கிவிட்டு வைத்தால் இரண்டு நிமிசத்தில் தீர்ப்பு. அப்படியிருக்க இரண்டு மணித்தியாலமாக அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். மற்றவனிடம் எப்போதும் சான்று கேட்கிறவள். சான்று எங்கே, சான்று எங்கே என்று மேசையில் தட்டுகிறவள். சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு என்று படித்ததெல்லாம் இதற்குத்தானா, சந்தேகத்தைக் கலையாமல் வைத்திருந்து அதற்குள் படுத்துக்கொள்வதற்கா? வாதம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று அவளுக்கு அந்த இடத்தில், துருவுக்குக் கீழே, ஒரு மாதிரி வெளித்தது, வாதம் முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி இருக்கும், மறுமொழிக்கு இன்னொரு மறுமொழி, தோற்றாலும் நாளைக்கு வேறு தலைப்பில் பேசலாம், ஆனால் தண்ணீர் பேசாது, கலக்கும் அல்லது மிதக்கும். மிதந்தால்? மிதந்தால் மிதக்கட்டும். மூடி வைத்தால் மட்டும் மிதக்காமல் விடுமா? அப்பாவின் கால் மேலே இருக்கிறது, அம்மா குசினியில் ஏதோ தாளிக்கிறார், நீலச் சேட்டு வீட்டில் இருக்கிறார், இதைவிட நல்ல நாள் இதற்குக் கிடைக்காது. உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் மன்னிப்புக் கேட்கலாம். "அப்பா, காலை எடுத்திட்டு இறங்குங்கோ" என்றாள். "இது முடிஞ்சுதோ?" "இல்லை. நான் ஒண்டு சொல்லவேணும்." முதுகால் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தாள், வெளிச்சம் கண்ணில் அறைந்தது, கொட்டிலின் கிடுகு இடுக்கால் வெயில் கோடுகோடாக மோட்டார் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. "அம்மா, ஒரு பேணி தண்ணி தாங்கோ!" "குடிக்கவோ, கை கழுவவோ?" "ரெண்டுக்கும் இல்லை."

அம்மா பேணியோடு வந்து நின்றார், அப்பா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார், அவள் சாக்கில் சம்மணம் போட்டு ஜாம் போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள், ஒழுகிய தகரம், கிணற்றுக்கட்டு, இரண்டு வரிசை, மணிக்கட்டு, தடிமன், கடைக்காரர் கேட்ட கேள்வி, ஒன்றையும் விடாமல், கடைசியில் குரல் ஒருமாதிரி மேலே ஏறிக்கொண்டு போனது. "எந்த வரிசையில எடுத்தனான் எண்டு எனக்கு உண்மையாத் தெரியேல்லை. நிமிந்து நிண்ட போத்தல் எண்டால், அதுக்குள்ள நல்லெண்ணெய் மிச்சம் இருந்திருக்கும். அப்ப காலமை நடந்தது என்னாலை. இப்ப பாக்கப்போறன். மிதந்தால் சாவியை நீங்கள் வச்சிருங்கோ." "நீ தண்ணியை விடாதை" என்றார் அப்பா. "ஏன்?" "தேவையில்லை." "தேவை அப்பா. எனக்குத் தெரியவேணும்." "சாம்பவி, நான் சொல்லுறதைக் கேள், உது தேவையில்லாத வேலை." இதுதான் அந்த இரக்கம், அவள் நினைத்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு பேணியைச் சரித்தாள். தண்ணீர் விழுந்தது. மூடியை இறுக்கி நாலுதரம் குலுக்கிச் சீமெந்து நிலத்தில் வைத்தாள். நுரை வெள்ளையாக எழும்பி ஒன்றும் தெரியாமல் மறைத்தது, நுரை குமிழி குமிழியாக உடைந்தது, மூன்று பேரும் குனிந்திருந்தார்கள், அம்மாவுக்கு ஏனென்று முழுதாக விளங்கியிருக்காது, என்றாலும் குனிந்திருந்தார். நுரை விலகியது. தேன் நிறம் வெளிறிப்போய் ஆறிய தேத்தண்ணிபோல ஒரே நிறமாக நின்றது. மேலே ஒன்றுமில்லை. போத்தலை வெயிலுக்குத் தூக்கினாள். சரித்தாள். ஒரு கண்ணும் இல்லை, ஒரு வளையமும் இல்லை, விளிம்பில் ஒரு மினுக்கமும் இல்லை. "கலந்திட்டுது" என்றாள். அம்மா, "கலந்தால் நல்லதோ கூடாதோ?" என்றார். "நல்லது அம்மா. நல்லது." நெஞ்சுக்குள், காலமையிலிருந்து யாரோ மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்த எதுவோ மெதுவாக எழும்பியது, அவள் கை தானாகவே சாக்கில் மூன்றுதரம் தட்டியது, சிரிப்பு வந்தது, தும்மலும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததில் அம்மா சேலைத் தலைப்பால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார், இருபத்திரண்டு வயதுச் சட்ட மாணவியின் மூக்கை.

பிறகுதான் அது மெல்ல எட்டிப் பார்த்தது. அப்படியென்றால் றப்பர் ஏன் வீங்கியது? தலையைத் தூக்கினாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, கதவுக் கைபிடியில் இல்லாத அழுக்கொன்றைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்பா?" "ம்." "ஏன் தண்ணி விடவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?" "உன்ர ஒயிலில ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும்." "எப்பிடி?" அவர் வேலிப்பக்கம் பார்த்தார், வேலி உதவிக்கு வரவில்லை. "போன மாதம் நீ சோதினைக்குப் படிக்கவெண்டு விடுதியிலை நிண்டனி எல்லே. இந்தச் சில்லு ஒரு கிறீச் எண்டு கத்திக்கொண்டு இருந்தது. நான் கழட்டினனான். உள்ளுக்கை தூசும் கறுப்பும். சிலிண்டரையும் கழட்டிப்போட்டு, எல்லாத்தையும்..." "எல்லாத்தையும்?" "கழுவினனான்." "எதாலை?" அம்மா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அதுதானே பாத்தன், அடுப்புக்கு வச்ச மண்ணெண்ணெய் எங்கை போச்சுதெண்டு!" "மண்ணெண்ணெய்" என்றாள் சாம்பவி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. "றப்பரை மண்ணெண்ணெயில கழுவினனீங்கள்." "ஒரு இரவு ஊறப்போட்டனான்" என்றார் அப்பா, நேர்மையான மனுசன், கேட்டதற்கு மேலேயும் சொல்லிவிடுகிறவர். "பிள்ளை, உனக்குத் தெரியாது, பெற்றோல் இல்லாத அந்தச் சண்டை வருசங்களில இந்தக் கார் ஓடினதே அதிலைதான். ஒரு மூடி பெற்றோலை முகரக் குடுத்து ஸ்ரார்ட் எடுத்திட்டு மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயிலை, புகைச்சுக்கொண்டு, சுகமில்லாத ஆக்களை எல்லாம் ஏத்திக்கொண்டு ஓடினது. துரு எண்டாலும் அது, கை அழுக்கெண்டாலும் அது, காயத்துக்கும் அதுதான். மண்ணெண்ணெய் இந்தக் காருக்குக் கெடுதல் செய்யும் எண்டு எனக்கு... மனம் வரேல்லை நினைக்க. மத்தியானம் நீ அந்த றப்பரைத் தூக்கிக் காட்டேக்கைதான் விளங்கினது. சொல்ல வாயெடுத்தனான். நீ சைக்கிளை எடுத்திட்டாய்." "வந்தாப் பிறகு?" "வந்தாப் பிறகு நீ மிதியுங்கோ எண்டாய். மிதிச்சுக்கொண்டு இருந்திட்டன்." அம்மா பேணியைத் தலைகீழாகப் பிடித்து மிச்சத் தண்ணீரை நிலத்தில் ஊற்றினார். "நல்லாயிருக்கு. தேப்பனும் மகளுமா ஆளுக்கொரு ரகசியத்தை வச்சுக்கொண்டு என்னைக் கொண்டுபோய் வேலிக்குள்ள விட்டிருக்கிறியள். இனி நான் சித்தி வீட்டை பஸ்ஸிலதான் போவன். பின்கதவில தொங்கிக்கொண்டு." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார், குசினியில் ஏதோ கருகுகிறது.

அவளிடம் வாதம் இருந்தது. அதுபோல ஒரு வாதம் அவள் வாழ்நாளில் கிடைத்ததில்லை. என்னை இரண்டு மணித்தியாலம் துருவுக்குக் கீழே போட்டு வறுத்தீர்களே என்பதிலிருந்து தொடங்கலாம், உங்கள் மௌனத்தை இரக்கமென்று நினைத்தேனே என்று நடுவில் கொண்டுவரலாம், உங்கள் மகன் சொன்னாரே பெட்டையின் கை என்று, யாருடைய கை அப்பா என்று முடிக்கலாம், வீடியோவில் அண்ணாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு முடிக்கலாம். வாயைத் திறந்தாள். அப்பா கதவைப் பிடித்தபடியே நின்றார், வலது கால் செருப்பைக் கழற்றியிருந்தார், பெடல் வடிவாகப் பிடிபடவேண்டுமென்று வெறுங்காலால் மிதித்திருக்கிறார் இவ்வளவு நேரமும், இப்போது அதை மடக்கித் தூக்கியபோது பாதத்தின் அடியில் பெடலின் வரி வரியான அச்சு சிவப்பாய் விழுந்திருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் வாதத்தின் முதல் வசனம் எங்கோ கழன்று விழுந்தது, தேடினாள், கிடைக்கவில்லை, கிடைக்காததில் அப்படியொன்றும் நட்டமாகவும் தோன்றவில்லை. "ஏறுங்கோ" என்றாள், "இன்னும் மூண்டு சில்லு கிடக்கு." அப்பா ஏறாமல் நின்றார். "இனி நான் தொடக்கூடாதோ?" என்று கேட்டார். சின்னக் குரல். வேலிகளுக்கு நடுவில் அளவுச் சங்கிலி பிடித்து நின்ற அந்தக் குரல் இல்லை. தனக்கென்று அவள் எழுதி வைத்திருந்த தண்டனையை இவர் எடுத்துத் தனக்குப் போட்டுப் பார்க்கிறார், அளவாகத்தான் இருக்கிறது, யாருக்குப் போட்டாலும் அது அளவாகத்தான் இருக்கும், அதுதான் அதிலிருக்கிற அநியாயம். "தொடலாம்" என்றாள். "எனக்குச் சொல்லிப்போட்டுத் தொடுங்கோ." அவர் கொஞ்சம் யோசித்தார், அளவையாளர் யோசனை, இரண்டு பக்க எல்லையையும் பார்க்கிற யோசனை. "நீயும்" என்றார். "என்ன நானும்?" "ஒழுகுற தகரம், போத்தல், பத்து நாள். நீயும் சொல்லேல்லைத்தானே." அவள் ஸ்பானரைக் கையில் எடுத்தாள். "சரி" என்றாள் அவள், "நானும்." சாக்கில் மல்லாந்து மறுபடி உள்ளே ஊர்ந்து போனாள்.

பிறகு வேலை ஓடியது. வலது பின்சில்லு, இடது முன்சில்லு, கடைசியாகச் சாரதி பக்கம். அப்பாவுக்குக் குரல் திரும்பியிருந்தது, இப்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கதை, முன்சில்லுக்கு ஏன் இரண்டு சிலிண்டர், பின்சில்லுக்கு ஏன் ஒன்று, இது எந்த ஊர் நியாயம், அந்த வேலிக்கு நாளைக்கு நல்ல கிளுவங் கதியாலாகப் பார்த்து வெட்டிக்கொண்டுபோய் நட்டுக் கொடுக்கவேண்டும், மூன்று முறிந்தால் ஐந்து நடவேண்டும், "ஏன் அஞ்சு?" "நிலத்துக்காரருக்கு எப்பவும் ரெண்டு கூடவெண்டாத்தான் பிரச்சினை வராது." "அது லஞ்சம்." "அது மரியாதை." "ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்கோ." "மிதிக்கவோ விடவோ, அதைச் சொல்லு முதல்." அவள் கீழே கிடந்தபடி பல்லைக் காட்டினாள், யாரும் பார்க்கவில்லை. கடைசி நிப்பிளையும் இறுக்கிவிட்டு, மீண்டும் பின்னால் வந்து, புது றப்பர் போட்ட சிலிண்டருக்குக் கீழே முகத்தை வைத்து, பழைய கடதாசித் துண்டொன்றால் அந்த மூட்டைச் சுற்றித் துடைத்துக் காயவைத்தாள். "இப்ப அப்பா, உங்கட முழுப் பலத்தையும் போட்டு மிதியுங்கோ. காலமை பஸ்ஸைக் கண்ட மாதிரி." கார் முனகவில்லை. குத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நாலு சில்லுக்குள்ளும் எதுவோ ஒன்றாய்க் கைகோத்துக்கொண்டது. "பாதியில நிக்குது" என்றார் அப்பா. "அதுக்குக் கீழை போகுதில்லை. கல்லு மாதிரி நிக்குது பிள்ளை." "இன்னும் அமத்துங்கோ." "அமத்துறன், போகுதில்லை." கடதாசியை மூட்டில் ஒற்றினாள். காய்ந்திருந்தது. திரும்ப ஒற்றினாள். காய்ந்துதான் இருந்தது. ஒரு துளி திரண்டு தொங்குமோ என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், திரளவில்லை, வெறும் இரும்பு, வெறும் துரு, அதன்மேல் கொஞ்சம் பின்னேர வெயில். ஒரு நிமிசம் போயிருக்கும், இரண்டாகவும் இருக்கும். "காலை எடுக்கட்டோ?" என்றார் அப்பா. "இல்லை அப்பா" என்றாள், "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."